வராந்தாவின் அந்தக் கோடியில் ஜெரின்

உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு தட்ட வேண்டும். விரித்துத் தட்டினால் அது அடி, குழித்துத் தட்டினால் வைத்தியம். எனக்குச் சொல்லிக்கொடுத்த பிசியோ அக்கா கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டே சொல்லிவிடுவார், பொத்துபொத்துனு வரணும் ஈஸ்வரி, பளார்னு வந்தா பையனுக்குத்தான் வலிக்கும், சளிக்கு ஒண்ணும் ஆகாது. இப்போது பொத்துபொத்தென்றுதான் வருகிறது. சந்தனம் இடப்பக்கம் ஒருக்களித்துக் கிடக்கிறான், இடுப்புக்கு அடியில் இரண்டு தலையணை, தலை பள்ளத்தில், வலது விலா மேலே, என் கைக்கு நேராக. என் தம்பி. முழுப்பெயர் சந்தனகுமார், ஒன்பது வயது, பார்க்கிறவர்கள் ஆறு என்பார்கள், அது அவன் காதில் விழுந்தால் அன்றைக்கு முழுக்க அவர்களைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பான். விலா எலும்பை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணலாம், எண்ணக்கூடாது என்பது எனக்கு நானே போட்ட சட்டம். மேலேயிருந்து கீழே, கீழேயிருந்து மேலே. நுரையீரலில் பிசின் மாதிரி ஒட்டிக்கிடக்கிற சளி இந்தத் தட்டில் கொஞ்சம் இளகும், தலை தாழ்ந்து இருப்பதால் தொண்டைக்கு வரும், இருமித் துப்புவான். பிறவியிலேயே வந்த நோய், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று பெயர், எங்கள் ஊரில் யாருக்கும் வாயில் நுழையாது, அப்பா மட்டும் 'பைப்பு நோயி' என்பார், சரியாகத்தான் சொல்கிறார், பைப்பு அடைத்துக்கொள்கிற நோய்தான். டாக்டர் இன்னும் ரவுண்ட்ஸ் வரவில்லை. வந்தால் ரிசல்ட் சொல்லுவார். போன வாரம் எடுத்த சளியில் இருக்கிற கிருமிக்கு கோலிஸ்டின் என்கிற மருந்து கேட்குமா, கேட்காதா. அவ்வளவுதான் இன்றைய விஷயம். மற்ற மருந்து எதுவும் கேட்கவில்லை என்று ஏற்கெனவே தெரியும். டோப்ரா போன வருஷத்தோடு போயிற்று, மெரோ சித்திரையில் போயிற்று, இது ஒன்றுதான் பாக்கி, பழைய மருந்து, கிட்னியைக் கெடுக்கும் என்று எப்போதோ ஒதுக்கி வைத்ததாம், இப்போது அதைத்தான் தேடுகிறார்கள். கேட்கும். கேட்காவிட்டால் என்று யோசிக்கிற இடத்தில் கை தானாக வேகமாகிறது, சந்தனம், ஏக்கா, நான் என்ன பறையா, என்கிறான். சரி என்று மெதுவாகத் தட்டுகிறேன்.

இவன் முதுகு உப்பு. வியர்த்துக் காய்ந்தால் வெள்ளையாகப் படியும், கறுப்பு டவுசரின் இடுப்புப் பட்டையில் பார்த்தால் உப்பளத்து வரப்பு மாதிரி இருக்கும். கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா முத்தம் கொடுத்துவிட்டு, என்ன புள்ள இம்புட்டுக் கரிக்கான் என்று சிரித்தாள், எனக்கு நினைவிருக்கிறது, நானும் நக்கிப் பார்த்துவிட்டு வாயைக் கோணினேன், எல்லாரும் சிரித்தார்கள். அந்த உப்புதான் நோய் என்று சொல்ல யாருக்கும் தெரியவில்லை. அப்பா சாத்தூரில் சேவுக்கடையில் சரக்கு மாஸ்டர், எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று நின்று அவர் மேலும் உப்புப் பூக்கும், அப்பனைக் கொண்டு பிறந்திருக்கான் என்றார்கள். பிறகு இருமல். பிறகு டி.பி. என்றார்கள். சளியில் டி.பி. இல்லை, இருந்தாலும் டி.பி.தான், இந்த எடைக்கு இந்த இருமலுக்கு வேறென்ன என்று மாத்திரை கொடுத்தார்கள், சிவப்பாக மூத்திரம் போகும், அதைப் பார்த்து இவன் அழுவான். தெருவில் டி.பி. வீடு என்று பெயர் வந்தது. குழாயடியில் எங்கள் குடத்துக்குப் பிறகு வைக்க வேண்டிய குடத்தை ஒரு சாண் தள்ளி வைத்தார்கள். பால்வாடியில் இவனுக்கு மட்டும் தனி டம்ளர், டீச்சர் அதில் சிவப்பு நெயில்பாலிஷால் ஒரு புள்ளி வைத்திருந்தாள், பார்க்க அழகாகக்கூட இருக்கும். அம்மா தீப்பெட்டி ஆபீசில் உட்கார்ந்திருக்கிற வரிசையில் பக்கத்துப் பொம்பளைகள் சாப்பாட்டு நேரத்தில் எழுந்து அந்தப் பக்கம் போய்விடுவார்கள், இவள் ஊறுகாயை நீட்டினால், வேணாம்க்கா வயிறு சரியில்லை. எல்லாருக்கும் தினம் வயிறு சரியில்லாமல் போகும். இதையெல்லாம் எதற்கு நினைக்கிறேன். இந்த ஆஸ்பத்திரியில் பழக்கமான லூர்து அக்காவை நினைக்கக்கூடாது என்று வேறு எதையாவது நினைக்கப் போனால் இந்தக் குழாயடி வழியாகத்தான் போகிறது, அந்தத் தெரு நேராகப் போய் லூர்து அக்கா மடியில் முட்டுகிறது.

துப்பு. இரு, டப்பா இந்தா. இருமுகிறான், முதலில் வறட்டு இருமல், அப்புறம் அடியிலிருந்து ஒன்று பிடுங்கிக்கொண்டு வருகிறது, முகம் சிவந்து கழுத்து நரம்பு கயிறாகி, வந்துவிட்டது. பச்சை. பச்சை என்றால் இலைப்பச்சை இல்லை, குளத்துப்பாசி. அதில் ஒரு வாடை உண்டு, நாற்றம் என்று சொல்ல முடியாது, பழம் அழுகுவதற்கு ஒரு நாள் முன்னால் வருமே ஒரு தித்திப்பு வாடை. கிருமிக்குப் பெயர் சூடோமோனாஸ். சந்தனமும் லூர்து அக்கா மகன் ஜெரினும் அதற்கு சூடாமணி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இன்னைக்குச் சூடாமணி பச்சைச் சேலை உடுத்திருக்காக்கா என்கிறான் டப்பாவைப் பார்த்து. மூடுடா. போன வாரம் மஞ்சச் சேலையாம். மூடுலே. மூச்சு வாங்கச் சிரிக்கிறான், சிரிப்பே இருமலாகிறது, எனக்கும் சிரிப்பு வந்து தொலைக்கிறது. நான் பதினொன்றாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டேன். தம்பிக்காகப் படிப்பைத் தியாகம் பண்ணின அக்கா என்று பிசியோ அக்கா ஒரு தடவை எல்லார் முன்னாலும் சொன்னார், எனக்கு உடம்பெல்லாம் கூசியது. தியாகமெல்லாம் இல்லை. அம்மாவுக்கு மணிக்கட்டு போய்விட்டது, அப்பா சட்டியை விட்டு வர முடியாது, தட்ட ஆள் வேண்டும், நான் இருந்தேன். அதோடு எனக்கு பிரேயரில் வெயிலில் நிற்பது பிடிக்காது, கெமிஸ்ட்ரி மிஸ்ஸைப் பிடிக்காது. படிப்பு வராமல் இல்லை, வந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். நான் விட்டுவிட்டேன், இவன் நெஞ்சுக்குள் இருக்கிற கிருமி மட்டும் படித்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு மருந்தும் அதற்கு ஒரு வகுப்பு. பாஸ், பாஸ், பாஸ். டாக்டர் பொன்மலர் இதை வேறு மாதிரிச் சொன்னார், மருந்தில் சாகாமல் தப்பித்தது பெருகும், அடுத்த தடவை அந்த மருந்து அதை ஒன்றும் செய்யாது, நாங்களும் கொடுத்துத்தான் ஆகணும், கொடுத்தா அது கத்துக்கும், கொடுக்கலைன்னா இவனுக்கு மூச்சு திணறும். இதில் யாரைத் திட்டுவது. எங்கள் ஊர் மெடிக்கலில் காய்ச்சல் என்றாலே மூன்று கலர் மாத்திரை பொட்டலம் கட்டித் தருவானே அவனைத் திட்டலாம். இரண்டு வேளை தின்று சரியானதும் மீதியை அலமாரியில் வைக்கிற ஊர் முழுக்கத் திட்டலாம். திட்டி முடிக்கிற வரைக்கும் நன்றாக இருக்கும்.

லூர்து அக்காவை முதலில் பார்த்தது இந்த ஆஸ்பத்திரி ஓ.பி.யில்தான். மதுரைக்கு நாங்கள் வந்து இவனுக்கு என்ன நோய் என்று ஒருவழியாகப் பெயர் தெரிந்து ஒரு மாதம் இருக்கும். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர், கழுத்தில் மாதா டாலர், சத்தமான ஆள். அவர் மகன் ஜெரின், இவனைவிட இரண்டு வயது பெரியவன், இதே வயிறு, இதே விரல், நுனி உருண்டு முரசுக் குச்சி மாதிரி. பெஞ்சில் அந்தக் கோடியிலிருந்து ஓர் இருமல் வந்தது. அம்மா சட்டென்று திரும்பினாள். தன் பிள்ளை இருமலை இன்னொரு தொண்டையில் கேட்டால் எப்படி இருக்கும், அப்படித் திரும்பினாள். அந்த அக்காவும் சந்தனத்தைப் பார்த்தார். எழுந்து வந்தார். வந்து, வணக்கம்கூட இல்லை, இவன் நெற்றியில் விரலை வைத்துத் தேய்த்து அந்த விரலை வாயில் வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, எம்மவனும் இதே கரிப்புதாம்மா என்றார். அம்மா அழுதுவிட்டாள். மதுரை மாவட்டம், விருதுநகர் மாவட்டம், தூத்துக்குடி மாவட்டம் மூன்றிலும் சேர்த்து எங்களுக்குச் சொந்தம் என்று அன்றைக்கு அவர் ஒருவர்தான். ஜெரின் குடித்துக்கொண்டிருந்த ஜூஸ் டப்பாவை, ஸ்ட்ராவோடு, அப்படியே வாங்கி சந்தனத்திடம் கொடுத்தார், குடி ராசா. நெயில்பாலிஷ் புள்ளி வைத்த டம்ளரிலேயே குடித்துப் பழகினவன் என் தம்பி. அம்மாவைப் பார்த்தான். குடிக்கலாமா. அம்மா தலையை ஆட்டினாள், முகம் முழுக்கச் சிரிப்பு, கண்ணீர், மூக்கொழுகல் எல்லாம் சேர்த்து. நானும் சிரித்தேன். யார்தான் சிரிக்க மாட்டார்கள். நல்ல மனுஷிகள் இரண்டு பேர் சேர்ந்து நல்ல மனசோடு பண்ணின காரியம் அது.

அப்புறம் ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில் ஓர் அறை எடுத்தார்கள், இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து, ட்ரீட்மெண்டுக்கு வருகிற நாட்களில் தங்க. ஒரே ஸ்டவ், ஒரே கொடி, மருந்தைப் புகையாக்குகிற நெபுலைசர் மெஷின் ஒன்றே ஒன்று. முதலில் ஜெரின் இழுப்பான், அம்மா அந்த மாஸ்க்கை வெந்நீரில் அலசுவாள், பிறகு சந்தனம். அலசாமல்கூடச் சில நாள். ஒரே நோய்தானே, புதுசா என்ன ஒட்டப் போகுது. லூர்து அக்கா சொன்னாரா அம்மா சொன்னாளா நினைவில்லை, இரண்டு பேரும் சொல்லியிருப்பார்கள், நான் சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன். இந்த நோய் உள்ள இரண்டு பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவே கூடாது, ஒருத்தன் கிருமி அடுத்தவன் நுரையீரலுக்குத்தான் ஏறும், மற்ற யாருக்கும் ஒன்றும் ஆகாது, ஆனால் இவன் அவனுக்கு விஷம், அவன் இவனுக்கு விஷம். அது எங்களுக்குத் தெரியும்போது இரண்டு மழைக்காலம் போயிருந்தது. முதல் தடவை ஓ.பி.யில் யாராவது சொன்னார்களா என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். சொல்லியிருக்கலாம். கூட்டம். டாக்டர் பேசியபோது அம்மா லூர்து அக்காவின் நம்பரை வாங்கிக்கொண்டிருந்திருக்கலாம். உலகத்தில் யாரும் எங்களைத் தொடாதபோது தொட்ட ஒரே ஆள், அந்தத் தொடலைத்தான் தொடக்கூடாது. இப்படிக் கேவலமாக ஒரு நோயை யார் செய்வார்கள். அம்மா தன் சொந்தத் தாய்மாமனைக் கட்டினவள், டாக்டர் 'சொந்தத்துலயா' என்று கேட்டபோது, ஆமாங்க, எங்கம்மாகூடப் பொறந்தவருதான் என்று பெருமையாகச் சொன்னாள், டாக்டர் கையில் பேனா அப்படியே நின்றது எனக்குத் தெரியும், சொந்தத்துக்குள் கட்டினால் பிள்ளைக்கு இது வர வாய்ப்பு கூடுமாம். எது ஒட்டு உறவோ அதிலேயே வந்து உட்காருகிறது இது. சீ. தட்டு. கை நின்றுவிட்டது, அவன் சொல்லவில்லை, நானாகத்தான் பார்த்தேன். தட்டு.

டிங். அவன் தலையணைக்கு அடியில் போன். ஜெரின்தான். ஜெரின் இதே வார்டில்தான் இருக்கிறான், வராந்தாவின் அந்தக் கோடியில், கதவைச் சாத்திக்கொண்டு. நாங்கள் இந்தக் கோடியில், கதவைச் சாத்திக்கொண்டு. நடுவில் நான்கு அறை, நர்ஸ் மேஜை, தண்ணீர் ஃபில்டர். இரண்டு வருஷமாக ஒருவனை ஒருவன் நேரில் பார்க்கவில்லை. பார்க்க விடாமல் காவல் காக்கிற ஆள் நான்தான், ஸ்கேனுக்குக் கூட்டிப்போகும்போது முதலில் நான் தலையை நீட்டி வராந்தாவைப் பார்ப்பேன், அந்தக் கதவு சாத்தியிருந்தால்தான் இவனை வெளியே விடுவேன். ஆகையால் இரண்டும் போனில் குரல் அனுப்பி விளையாடும். விளையாட்டு என்னவென்றால் இருமல். ஒருவன் இருமி அனுப்புவான், அடுத்தவன் அதற்கு ரன் போடுவான். சந்தனம் அழுத்துகிறான், போனில் ஜெரின் இருமுகிறான், நீளமாக, அறை முழுக்க, நடுவில் விசில் மாதிரி ஓர் இழுப்பு, முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது இன்னொன்று. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டே, எத்தனைலே. சந்தனம் போனை வாய்க்குக் கிட்டே வைத்து, ஏலே ஜெரினு, நாலுதான், பவுண்டரி, சிக்ஸ்னா கடைசில துப்பணும், என்கிறான். போன மாதம் இந்த இருமலுக்கு இரண்டு ரன்தான் கொடுத்திருப்பான், இப்போது பாவம் பார்த்துக் கூட்டிப் போடுகிறான். அவனுக்கும் தெரிகிறது, எனக்குத் தெரிகிறது என்பதும் அவனுக்குத் தெரிகிறது, போனைத் திருப்பி வைத்துவிட்டான். முந்தாநாள் அனுப்பியதில்தான் ஜெரின் சொன்னான், எனக்கு கோலிஸ்டினும் கேக்கலயாம்லே, டாக்டரம்மா சொல்லிட்டாவ. மழை பெய்கிறது என்கிற மாதிரி சொன்னான். இரண்டு பேரிடமும் இருப்பது ஒரே வம்சத்துக் கிருமி என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், லேபில் பார்த்தார்களாம். ஒரே வம்சம் என்றால் குணமும் ஒன்றாகவா இருக்க வேண்டும். என் சித்தி மகளும் நானும்கூட ஒரே வம்சம்தான், அவள் வாயே திறக்க மாட்டாள், நான் இப்படி இருக்கிறேன். பிரிந்து இரண்டு வருஷம் ஆயிற்று இல்லையா, இவனிடம் இருப்பது கொஞ்சம் மக்காக இருக்கலாம். மக்குக் கிருமி. கோலிஸ்டினைப் பார்த்ததும் செத்துப்போகிற கிருமி. முந்தாநாளிலிருந்து இதே இடத்தில்தான் சுற்றுகிறேன், ஒரே வம்சம், ஆனால், ஒரே வம்சம், ஆனால்.

ஒருமுறை டாக்டர் லேபில் மருந்தைச் சோதிக்கிற தட்டை போனில் படமாகக் காட்டினார். வட்டக் கண்ணாடித் தட்டில் கிருமியைப் பூசி, மேலே மருந்து தோய்த்த வெள்ளைப் பொட்டுகளை வைப்பார்களாம், மருந்து கேட்டால் பொட்டைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிந்த வட்டம் விழும். நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டியிருக்கிறது என்பார்களே, அப்படியே இருந்தது. அப்போது ஐந்தாறு கோட்டை. அடுத்த தடவை மூன்று, அதுவும் சின்னதாக. பெரிய கோட்டையாகக் கட்டு, பெரிய கோட்டையாகக் கட்டு என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டு வருவேன், எனக்குச் சாமி நம்பிக்கை பெரிதாக இல்லை, கண்ணாடித் தட்டைத்தான் வேண்டிக்கொள்கிறேன். அம்மா கீழே இட்லி வாங்கப் போயிருக்கிறாள், இன்னும் வரவில்லை. வலப்பக்கப் படியில் லூர்து அக்கா வருவது தெரிந்தால் இவள் இடப்பக்கப் படிக்குப் போய் நிற்பாள். சண்டை இல்லை. சண்டை போட்டால்கூட நன்றாக இருக்கும். ஒருநாள் ராமாயணம் மாதிரி அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள், எம்புள்ளைட்ட இருந்துதான் போயிருக்கும், அவுக புள்ள நல்லாத்தான இருந்தான், நாந்தான அந்த மாஸ்க்கை அலசினேன், எந்த மூஞ்சிய வச்சிட்டு அவுக முன்னால நிப்பேன். லூர்து அக்கா ஃபில்டர் பக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஏட்டி ஈசு, எம்மவன் குடிச்ச ஜூஸை நாந்தான குடுத்தேன், ஒங்கம்மா எங்கிட்டப் பேசாண்டாம், சாபம் மட்டும் உட்றாண்டாம்னு சொல்லு, என்றார். இரண்டையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுவார்கள், அழுது முடித்ததும் மறுபடியும் யாரிடமிருந்து யாருக்கு என்று உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார்கள். அதை எந்த லேபும் சொல்லாது, அன்றைக்கு யாரும் இரண்டு பேர் சளியையும் எடுத்து வைக்கவில்லை. ஆனால் சொல்லியிருக்கணுமோ. தெரியவில்லை. எனக்கு வயது பதினேழு, எல்லாம் என்னிடம்தான் வந்து சொல்கிறார்கள்.

இவனும்தான். டி.பி. மாத்திரை காலத்துக்குப் பிறகு ஒருநாள் பஸ்ஸில், கப்பலூர் டோல்கேட்டில் வண்டி நிற்கும்போது கேட்டான், நான் செத்துருவேனா. அம்மா வாயைப் பொத்தினாள், அடித்துவிட்டு அணைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்தான். தெரியலடா, ஆனா இன்னைக்கு இல்ல, என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வைக்கு நான் அங்கேயே இறங்கியிருக்க வேண்டும். ஆனால் இவன் அதோடு அமைதியாகிவிட்டான், ஜன்னலோரம் கேட்டு வாங்கிக்கொண்டு வேர்க்கடலை தின்றான். அன்றிலிருந்து உண்மை வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவான். ஊசி வலிக்குமா, வலிக்கும். கசக்குமா, கசக்கும். அப்பா வருவாரா, வர மாட்டார், தீபாவளிச் சரக்கு. அது ஒன்றுதான் நான் இவனுக்குக் கொடுத்திருக்கிறேன், இந்தத் தட்டலைத் தவிர. வெளியே நர்ஸ் மேஜையில் பேச்சு, செருப்புச் சத்தம், ரவுண்ட்ஸ் வந்துவிட்டது. அந்தக் கோடியில் ஆரம்பிக்கிறார்கள். ஜெரின் அறைக் கதவு திறக்கிற சத்தம். மூடுகிற சத்தம். இவனும் கேட்கிறான், முதுகு இறுகுகிறது, கையில் தெரிகிறது. தளர்த்திக்க. தளத்தித்தான இருக்கேன். இல்ல. சரிக்கா. தட்டுகிறேன், செருப்புச் சத்தத்துக்கும் என் கைக்கும் தாளம் ஒத்துப்போகிறது, ஒத்துப்போகாமல் தட்டப் பார்க்கிறேன், முடியவில்லை.

டாக்டர் பொன்மலர் உள்ளே வரவில்லை. கதவை ஒரு கையளவு திறந்து, ஈஸ்வரி, ஒரு நிமிஷம், என்றார். உள்ளே வந்தால் நல்ல செய்தி. எப்போதும் அப்படித்தான், நல்லதென்றால் உள்ளே வந்து இவன் தலையைக் கலைத்துவிட்டுத்தான் சொல்லுவார். நான் எழுந்து போனேன், கை இன்னும் குழிந்தே இருந்தது. அம்மா எங்கம்மா, என்றார். கீழ இருக்காங்க, எங்கிட்டச் சொல்லுங்க. அம்மா வரட்டுமே. கேக்குதா கேக்கலயா, அதச் சொல்லுங்க டாக்டர். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும்தான் தெரியும், அந்தக் கண் என் கையைப் பார்த்தது. எதுவும் கேக்கலைம்மா. கோலிஸ்டின்? அதுவும். பிறகு வேகமாகப் பேசினார், லேபில் கேட்காதது சில நேரம் உடம்பில் கேட்கும், இரண்டு மூன்றைச் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கலாம், சென்னையில் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன், முயற்சி பண்ணாமல் விடப் போவதில்லை, தட்டுறதை மட்டும் ஒரு வேளைகூட விட்டுறாத. ம் என்றேன். இரண்டு தடவை ம் என்றேன். அந்த அறையிலும் இதையேதானே சொல்லியிருப்பார், லூர்து அக்காவும் ம் என்றிருப்பார். அவர் நர்ஸ் மேஜைப் பக்கம் போனார். வராந்தாவில் யாரோ ஒரு குழந்தை பலூன் வைத்துக்கொண்டு ஓடியது, கீழே அம்மா இட்லிக் கடை வரிசையில் நின்றுகொண்டிருப்பாள், கெட்டிச்சட்னி ஒரு பொட்டலம் கூட என்று கேட்டுக்கொண்டிருப்பாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் திரும்பினேன்.

மல்லாக்கப் படுத்திருந்தான். கையில் ஊசியை ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு, கேக்குதா, என்றான்.

பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி நினைத்தேன், நாக்கில் வந்தே விட்டது. "கேக்கலடா."

"கோலிஸ்டினுமா?"

"அதுவும்தான். ரெண்டு மூணு சேத்துப் போட்டுப் பாப்போம்ங்காங்க. சில நேரம் கேக்குமாம்."

"அது டாக்டர் சொன்னதா, நீ சொல்றதா?"

"டாக்டர் சொன்னது."

பிளாஸ்திரியைப் பிய்ப்பதை நிறுத்தினான். விட்டத்தைப் பார்த்தான். அழவில்லை. அழுதால் சளி கட்டும் என்று அவனுக்குத் தெரியும், அழக்கூட யோசிக்க வேண்டிய நோய். ஜெரினுக்கும் எதுவும் கேக்கல, எனக்கும் கேக்கல, என்றான். ம் என்றேன். அவங்கிட்ட இருக்கதும் எங்கிட்ட இருக்கதும் ஒண்ணுதான். ம். "அப்ப இனி என்னத்த ஒட்டப் போகுது? கதவத் தொறந்து விடுக்கா. நான் அவன் ரூமுக்குப் போறேன்."

அவன் சொல்வதில் என்ன தப்பு. ஒரு தப்பும் இல்லை, இதே கேள்வியை நானே கேட்டு வைத்திருந்தேன், முந்தாநாள் இரவிலிருந்து. கிருமி உள்ளே இருந்து இருந்து அவனுது ஒரு பக்கம் மாறியிருக்கலாம், இவனுது ஒரு பக்கம் மாறியிருக்கலாம், மறுபடி கலந்தால் இன்னும் மோசம் என்று டாக்டர் சொல்லுவார், சரி, இன்னும் மோசம் என்றால் என்ன, இதற்குமேல் எத்தனை மோசம் மீதி இருக்கிறது. இரண்டு வருஷமாக வராந்தாவில் தலையை நீட்டி நீட்டிப் பார்த்த என் கழுத்தே எனக்கு வெறுப்பாக இருந்தது. இரண்டு பயல்கள் ஒரே கட்டிலில் உட்கார்ந்து நேருக்கு நேராக இருமி ரன் போட்டுக்கொள்ளட்டும். லூர்து அக்கா இவனை மடியில் இழுத்துப் போட்டுக்கொள்ளட்டும். அம்மா இட்லியோடு வந்து பார்த்து என்ன பண்ணிவிடப் போகிறாள். எழுந்தேன், கதவருகே போனேன், தாழ்ப்பாளில் கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. செருப்பைப் போட்டுக்கோ, ட்ரிப்ஸ் கம்பியை நான் தள்ளிக்கிட்டு வர்றேன் என்று சொல்வதற்காகத் திரும்பினேன்.

அவன் எழுந்திருக்கவே இல்லை. கீழே யாரோ பந்து அடிக்கிற சத்தம் கேட்டாலே கட்டிலிலிருந்து குதிக்கிற பயல், படுத்த இடத்திலேயே கிடந்தான், தலையணையை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தான். கதவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், டோல்கேட்டில் பஸ் நின்றபோது பார்த்த மாதிரி. கதவைத் திறக்கலாம் என்று நான் சொன்னால் இனிக் காப்பாற்ற ஒன்றும் இல்லை என்று அர்த்தம், அது அவனுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. எனக்குத் தாழ்ப்பாளைத் தொட்ட பிறகுதான் தெரிந்தது.

கையை எடுத்தேன். "கதவு கெடக்கட்டும்," என்றேன்.

"ஏன்?"

"கூடாதுன்னா கூடாதுதான். ஒனக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டமா? நர்சம்மா பாத்தா என்னையத்தான் ஏசுவாங்க."

"எதுவும் கேக்கலன்னு சொன்ன."

"சொன்னேன்."

"அப்பயும் தொறக்க மாட்டியா?"

"மாட்டேன்."

"நெசமாவே?"

"இன்னொரு தடவ கேட்டேன்னா போனையும் புடுங்கிருவேன்."

போடி பிசாசு, என்றான். அக்காவைப் போடி என்றதற்கு வேறு நாளென்றால் ஒரு குட்டு விழுந்திருக்கும். சொல்லிவிட்டு ஒரு மூச்சு விட்டான், உள்ளே களகளவென்று சத்தம் கேட்டது. பிறகு நான் சொல்லாமலேயே தலையணைகளை இழுத்து இடுப்புக்கடியில் தானே திணித்துக்கொண்டு, சட்டையைத் தூக்கி விட்டு, இன்னும் தட்டாத இடது விலா மேலே வருகிற மாதிரி என் கைக்கு நேராகத் திரும்பிப் படுத்தான்.